பனியாற்றுக்கு ஜூலையில்தான் போகவேண்டுமாம்

இன்று காலை பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஓர் ஐஸ் பாளத்தை ஃபெர்ரியிலிருந்து இறக்கினார்கள். மீன்காரர்களுக்கு வழக்கமாக வருவதுதான். சாக்கில் சுற்றி, எதிர்க்கரைச் சாத்தம் மரமில்லின் மரத்தூளைக் கொட்டி மூடியிருந்தார்கள். இறக்குகிற அவசரத்தில் சாக்கு கிழிந்து பாளத்தின் ஒரு மூலை வெளியே வந்துவிட்டது. ஈர மரத்தூளின் வாசனையும் அதற்கு அடியிலிருந்து ஒரு குளிரும் சேர்ந்து வந்தன. நான் இடது பக்கம் திரும்பி, "பாருடி, உன் அலாஸ்கா வந்திருக்கு" என்று சொல்லியேவிட்டேன். பக்கத்தில் நின்றவர் யாரோ ஒரு பெரியவர். கையில் கோழி வைத்திருந்தார். என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

நீ எப்போதும் என் இடது பக்கம்தான் நிற்பாய். உனக்கு வலது காதுதான் நன்றாகக் கேட்கும். அதனால் எனக்கும் இடது பக்கம் திரும்பிப் பேசியே பழகிவிட்டது. நீ போய் இத்தனை மாதம் ஆகியும் கழுத்து தானாகத் திரும்புகிறது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நம் திட்டத்தில் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நாம் பார்த்து வைத்த மாதமே தப்பு. இந்த வாரம்தான் பள்ளி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான், இதை ஓடிப்போய்ச் சொல்ல யாருமில்லை என்பது ஞாபகம் வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

நம் திட்டம் உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தது. உன் அப்பா பட்டாளத்திலிருந்து வந்து, தெற்கே கேம்பல் பேயில் சர்க்கார் பட்டாளத்துக்காரர்களுக்குக் கொடுக்கும் நிலம் கிடைக்கும் என்று காத்துக்கொண்டு, இங்கே ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்தப் பச்சைப் பெட்டிதான் பெரிய சாமான். மூடியைத் திறந்தால் உள்பக்கம் முருகன் படம். முருகனுக்குப் பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டிய அந்தப் படம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை ஆறு வளைந்து வந்து, கடலோரத்தில் சுவர் மாதிரி நின்றுவிட்டது. சுவரின் அடியில் எறும்பு போல ஒரு கப்பல். கீழே இருந்த ஆங்கில வரிகளை அகராதி வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் படித்தோம். அலாஸ்கா. தேசியப் பூங்கா. பனியாறு நகர்ந்து நகர்ந்து கடலுக்கு வந்து உடைந்து விழுகிறது.

பூங்கா என்றால் நமக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும்தான். நீ அப்பாவிடம் கேட்டாய்.

"அங்க யார்ப்பா இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்போ நெலம்? யாருக்கும் குடுக்கலியா?"

"குடுக்க மாட்டாங்க. சர்க்காரே வெச்சிக்கும். ஒரு மரத்த வெட்டக்கூடாது, ஒரு கல்லத் தூக்கக்கூடாது. போய் நின்னு பாத்துட்டு வந்துடணும்."

அடுப்படியிலிருந்து உன் அம்மா குரல் கொடுத்தார்கள். "நம்மள மட்டும் காட்ட வெட்டிக்கினு போயி குடித்தனம் பண்ணுன்றாங்க. அவங்களுக்குப் பாக்கறதுக்குன்னே தனியா ஒரு காடா? நல்லா இருக்குது போ!"

நாம் சிரித்தோம். ஆனால் எனக்கு அது வெகுநாள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்த காடெல்லாம் யாருக்காவது ஒதுக்குவதற்காக இருப்பது. பெரிய மரங்கள் மில்லுக்கு, சமவெளி நெல்லுக்கு, மேடு தென்னைக்கு. யாருக்குமே கொடுக்காமல், பார்ப்பதற்கு மட்டும் ஓர் இடத்தை வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் பார்க்க எவ்வளவு இருக்கவேண்டும்! அங்கே போயே தீரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

உன் அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. மலை எல்லையில் காவல் இருந்தபோது பனியில் கருகிப் போனவை. "பனி உனுக்குப் பிடிக்காதுல்ல, அப்புறம் எதுக்கு ஒட்டி வெச்சிருக்க?" என்று நீ கேட்டாய். அவர் அந்தக் காலைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "கடிச்சது யாருன்னு மூஞ்சி ஞாபகம் இருக்கணும்ல."

அதன் பிறகு நம் திட்டம் முழுவதும் ஃபெர்ரியில்தான் வளர்ந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்காகச் சாத்தத்துக்குப் போகும்போது கொஞ்சம், சாயங்காலம் திரும்பும்போது கொஞ்சம். வகுப்பில் உன்னை "இன்னா, இன்னா" என்று கேலி செய்கிற பெண்கள் முன்னால் அதைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. தண்ணீரின் மேல் இருக்கிற நேரம் மட்டும்தான் அலாஸ்கா. தீவுக்காரப் பிள்ளைகள் வேறு எப்படித் திட்டம் போடும்? கப்பலிலிருந்துதான் தொடங்கினோம். இங்கிருந்து மெட்ராஸ், கப்பலின் அடித்தட்டில், பங்க் டிக்கெட்டில். மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர். அப்புறம் ஜப்பான். அப்புறம் ஒரே கடல், அலாஸ்கா வரைக்கும்.

"சிங்கப்பூர்ல கப்பல் வர்றவரைக்கும் யார் வூட்ல தங்கறது?" என்று நீ கேட்டாய்.

"தமிழ் ஆளுங்க இருப்பாங்கடி."

"அவங்களுக்கு இன்னா எடுத்துட்டுப் போறது? வெறுங்கையோட போய் நிக்கக்கூடாது. தேங்கா எடுத்துக்கலாம். தேங்கா இருந்தா எங்க போனாலும் பொழச்சிக்கலாம்."

"அலாஸ்காவுக்குத் தேங்காயா?"

"ஏன், அவங்க சட்னி துன்ன மாட்டாங்களா?"

மாதம் மட்டும் நாம் விவாதிக்கவே இல்லை. டிசம்பர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜூன், ஜூலையில் இந்தச் சின்னத் துறைமுகத்துக்குள்ளேயே ஃபெர்ரி ஆடுகிற ஆட்டத்துக்கு உன் டிஃபன் டப்பா கடலில் விழுந்திருக்கிறது. மெயின்லேண்ட் கப்பல் நாள்கணக்கில் தள்ளிப்போகிறது. புத்தியுள்ள யாரும் அந்த மாதங்களில் பயணம் வைக்கமாட்டார்கள். டிசம்பரில் கடல் தூங்குகிறது. எனவே டிசம்பர். மெட்ரிக் பரீட்சை முடிந்து, வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் சேர்த்து, ஏதோ ஒரு டிசம்பர்.

ஃபெர்ரியில் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. உன் குரல் அப்படி. சரியாகக் கேட்காதவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள் என்று நீயே சொல்வாய். இந்த ஊரில் ஒருத்தர் கப்பல் ஏறுகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே வந்துவிடும். திரும்பும்போது புளி வாங்கி வா, என் தங்கையிடம் இந்தப் பொட்டலத்தைக் கொடு, மருமகள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வந்து சொல். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான். செய்யாமல் திரும்பி வந்தவரை ஜெட்டியில் யாரும் முகம் கொடுத்துப் பார்க்கமாட்டார்கள். நமக்கும் அப்படி வர ஆரம்பித்தன. ஃபெர்ரி ஓட்டும் சாரங்கு சாச்சா, நம்மை மகளே என்று கூப்பிடுகிறவர், "பேட்டி, எனக்கும் ஒரு துண்டு பரஃப் கொண்டு வரணும். இந்த மார்க்கெட் ஐஸ் பாதி வழியிலேயே தண்ணியாப் போகுது" என்று அவருடைய இந்தியும் தமிழும் கலந்த பேச்சில் சொன்னார். மீன்கூடையோடு வரும் வங்காளத்து மாஷி அங்கே என்ன மீன் கிடைக்கும், முள் அதிகமா என்று விசாரித்து வரச் சொன்னாள். கூட இருந்த தெலுங்கு அக்கா, "மாப்பிள்ளை கிடைச்சா ஒண்ணு எனக்கும் பாருங்க, கறுப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்றதும் படகே சிரித்தது. அவர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். நாம்தான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டோம்.

ஒரு சத்தத்தைப் பற்றித்தான் நமக்குள் சண்டை வந்தது. பனி உடைந்து கடலில் விழும்போது எப்படிக் கேட்கும்? நான் இடி மாதிரி என்றேன். நீ இல்லை என்றாய். மில் பக்கத்தில் பெரிய மரங்களைத் தண்ணீரில் தள்ளுவார்கள் இல்லையா, அதைக் காட்டினாய்.

"அந்த மாதிரிதான் இருக்கும். காதுல கேக்கறதுக்கு முன்னாடி வயித்துல கேக்கும் பாரு. இடின்னா எனுக்குப் பாதிதான் கேக்கும். இது முழுசாக் கேக்கும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை மரம் விழும்போதும் நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நொடி நீ இங்கே இருக்கமாட்டாய்.

கடைசியில் கேம்பல் பேயில் உங்களுக்கு நிலம் வந்துவிட்டது. எல்லாரும் உன் அப்பாவைத் தேடி வந்து கை குலுக்கினார்கள். என் அம்மா உன் அம்மாவுக்குப் புடவை வைத்துக் கொடுத்தாள். நான் மட்டும் கோபமாக இருந்தேன், யார்மேல் என்று தெரியாமல். ஹேடோ துறைமுகத்தில் கப்பலின் படிக்கட்டுக்குக் கீழே உங்கள் மூட்டைகள், பானைகள், காலில் கயிறு கட்டிய இரண்டு ஆடுகள், அந்தப் பச்சைப் பெட்டி. நீ ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? நான் இன்னா அலாஸ்காவுக்கா போறேன்?"

"கேம்பல் பேயும் அலாஸ்காவும் ஒண்ணுதான் எனக்கு."

"சரி, எனுக்கு ஒரு வேலை செய். ஒருவேளை நீ முன்னாடி போயிட்டா, அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வந்து சொல்லணும். சும்மா டமார்னு இருந்துச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். சரியாச் சொல்லணும்."

"சரி. நீயும் ஒண்ணு செய். அதுதான் நாட்டோட கடைசித் தீவு. தெற்கு ஓரத்துல நின்னு பார்த்தா என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லு."

ஒத்துக்கொண்டாய். ஒத்துக்கொண்டதும் ஆடு இழுத்தது, நீ ஓடினாய்.

எங்கள் தெருவில் ஒரு மேஸ்திரி மாமா உண்டு. கேம்பல் பேயில் வீடு கட்டும் வேலைக்குப் போய்ப் போய் வருவார். முதல் தடவை திரும்பி வந்தபோது நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "உன் சிநேகிதி ஒரு சேதி சொல்லச் சொல்லிச்சும்மா. லாரியில தொத்திக்கிட்டு, அப்புறம் நடந்து, எங்கெங்கேயோ போயிருக்கு. அவங்க அப்பாகிட்ட அடி வேற. தெக்கே பார்த்துச்சாம். தண்ணி மட்டும்தானாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தண்ணீர்தான் என்று தெரியாதா? அதற்காக அடி வாங்கினாயா? ஆனால் நீ போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். சும்மா இங்கிருந்தே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் கோடையில் பள்ளியில் தையல் டீச்சரிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டேன். மெட்ராஸ் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி நீல நூல் தருவித்தேன். "இந்த வேக்காட்டுல கம்பளி பின்னுது பாரு என் வயித்துல பொறந்தது" என்று அம்மா விசிறிக்கொண்டே பார்ப்பாள். வியர்வையில் நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். உனக்கு ஒரு ஜோடி கையுறை, எனக்கு ஒரு ஜோடி. உன்னுடையதை முதலில் முடித்துத் துணியில் சுற்றி மேஸ்திரி மாமாவிடம் கொடுத்தேன். மழை தொடங்கியிருந்தது. கப்பல் தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாகக் கிளம்பியது.

அவர் திரும்பி வந்த அன்று நான் வாசலில்தான் இருந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையில் அந்தத் துணி தெரிந்தது. நான் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. இந்த ஊரில் கொடுத்தனுப்பிய பொருள் முடிச்சு அவிழாமல் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் உள்ளே ஓடி அம்மாவின் பின்னால் நின்றுகொண்டேன். அவர் வாய் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேனோ என்னவோ.

"காய்ச்சல்மா" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். "இங்க பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடலாம்னு கப்பலுக்காக ஜெட்டியிலேயே கெடந்திருக்காங்க. கடல் விடலம்மா. கப்பல் வந்து சேரலை. நான் போறதுக்குள்ளேயே எல்லாம் முடிஞ்சு போச்சு. அவங்க அம்மாகிட்ட இதக் குடுக்கலாமான்னு பார்த்தேன். பனிக்குப் பின்னின கம்பளின்னு தெரிஞ்சா அவங்க அப்பா என்ன ஆவாரோன்னு, திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

அம்மா பொட்டலத்தை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்தேன். அன்று டீ குடித்தது எனக்கு இன்னமும் புரியவில்லை.

அதன் பிறகு ஃபெர்ரியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. சாரங்கு சாச்சா என்னைக் கண்டால் கயிற்றைப் பார்ப்பார். மாஷி கூடையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுப்பாள், மீனைப் பற்றிப் பேசமாட்டாள். எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்கள் நல்லவர்களாக இருக்கிறதனால்தான் இன்னும் தனியாக இருக்கிறது. நீ இருந்திருந்தால், "இன்னா எல்லாரும் வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டிருப்பாய். வகுப்பில் இப்போது யாரும் "இன்னா" என்று கேலி செய்வதில்லை. ஒரு நாள் கணக்கு வாத்தியாரிடம் நானே தெரியாமல் "இன்னா சார்" என்றுவிட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தத் தப்பைச் சொல்கிறேன். அலாஸ்காவில் டிசம்பரில் கப்பல்கள் பனியாறு பார்க்கப் போவதில்லை. அங்கே அப்போது கடுங்குளிர். சூரியன் சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். பகல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. புயலும் அப்போதுதான். கோடையில்தான் போகவேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் வெயில் இரவு வெகுநேரம் வரை இருக்கிறது, தண்ணீர் அமைதியாக இருக்கிறது, கப்பல் பனிச்சுவரின் அடிவரை போய் நிற்கிறது. உன் அப்பாவின் பெட்டியில் இருந்த படத்தை நினைத்துப் பார். வானம் நீலமாக இல்லையா? எறும்பு மாதிரி அந்தக் கப்பல் அசையாமல் இல்லையா? நாம் எத்தனை முறை பார்த்தோம். கண்ணெதிரிலேயே ஜூலை ஒட்டியிருந்திருக்கிறது. நம் கடலை வைத்தே எல்லாக் கடலையும் கணக்குப் போட்டுவிட்டோம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். நீ அந்த ஜெட்டியில் போர்வைக்குள் கிடந்து கப்பலுக்குக் காத்திருந்தாயே, அப்போது இங்கே கடல் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் அங்கே, யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடத்தில், தண்ணீர் அசையாமல் இருந்திருக்கும். யாரோ கப்பலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உன்னிடம் இது நியாயமா என்று கேட்கவேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவுதான். நீ ஏதாவது சொல்லி சிரிக்கவைத்திருப்பாய்.

இப்போது டிசம்பர். இன்று சாயங்காலம் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. சாத்தத்தில் ஏறியபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சாரங்கு சாச்சா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் இந்தக் கடல் எதையோ ஞாபகப்படுத்தியிருக்கவேண்டும்.

"பேட்டி, டிசம்பர் வந்தாச்சு" என்றார். உடனே கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டார்.

"டிசம்பர் இல்ல சாச்சா. ஜூலையிலதான் போகணும்."

"ஜூலையா? பாகல், பைத்தியம்! புயல்ல, தூஃபான்ல எவன் கப்பல் எடுப்பான்?"

"இங்கதான் தூஃபான். அங்க அப்பதான் கடல் நல்லா இருக்கும். படிச்சேன்."

அவர் சக்கரத்தைப் பிடித்தபடி கண்ணாடியாகக் கிடந்த கடலைப் பார்த்தார். கடலிலேயே காலம் கழித்தவருக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு, மெதுவாக, "அகேலி ஜாயேகி?" என்றார். தனியாகவா போவாய் என்று.

நான் இடது பக்கம் பார்த்தேன். மாஷியின் கூடை இருந்தது.

"போகணும் சாச்சா. ஒத்துக்கிட்டேன்" என்றேன்.

"அச்சா" என்றார் அவர். "அப்போ என் பரஃபையும் மறக்காதே."

இரண்டு ஜோடி நீலக் கையுறைகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. நீ தெற்கு ஓரம் வரை நடந்து, அடி வாங்கி, உன் வேலையை முடித்துவிட்டாய். என்னுடையதுதான் பாக்கி. வந்து யாரிடம் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று மில்லைத் தாண்டும்போது ஒரு பெரிய மரத்தைத் தள்ளினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். டமார் என்று இல்லை, நீ சொன்னது சரி. முதலில் ஒரு கீச்சொலி. பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு சின்ன இடைவெளி, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி. அப்புறம் வயிற்றில் கேட்டது. அதற்கும் பிறகுதான் காதில். கடைசியாக, நான் கண்ணைத் திறக்கப் போகும்போது, அது எழுப்பிய அலை வந்து படகின் இடது பக்கத்தைத் தட்டியது.